எந்த ஊர் என்று கேட்ட பக்கம்

எங்கள் இணையத்தளத்துக்கு ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்குக் கிட்ட ஒருவர் வந்து போவார். ஒருவர் என்று எழுதுவது என் பழக்கதோஷம். அது தேடுபொறி அனுப்புகிற ஒரு நிரல். உலகத்திலுள்ள பக்கங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, எதில் என்ன எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு திரும்பும். அது குறித்துக்கொண்டு போனது மட்டும்தான் பிறகு யாராவது தேடும்போது கிடைக்கும். தொழிலில் இருப்பவர்கள் அதைப் ‘பொட்’ என்பார்கள். எங்கள் தளம் இருக்கிற கணினியான சேர்வரின் வருகைப் பதிவில் அது ஒரே ஒரு வரி: வந்த நேரம், கேட்ட பக்கம், கொடுத்த பதில்.

அந்த வரியை நான் இரண்டு வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் பட்டியலைப் பத்திரிகைக்கு எழுதிய காலத்திலிருந்தே இப்படியான பட்டியல்களை வாசிக்க எனக்குப் பிடிக்கும். வந்தது, நின்றது, போனது. அதற்குமேல் எதுவும் சொல்லாத வரிகள். காலையில் தேநீரோடு யன்னலடியில் இருந்து அதை வாசிக்கும்போது, வெளியே உள்துறைமுகத்தின் நீர் அசையாமல் பால்போலக் கிடக்கும். பதிவில் இருப்பவரும் அந்த நேரத்தில் எங்கோ நீரைத் தாண்டித் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

அவர் ஒவ்வொரு நாளும் வெறுங்கையோடு போனார் என்பது எனக்குத் தெரியாது.

நான் நீண்ட காலம் ஒரு பத்திரிகையின் திருகோணமலை அலுவலகத்தில் வேலை செய்தவள். செய்தியும் எழுதினேன், மரண அறிவித்தல்களும் எடுத்தேன். அலுவலகத்தை மூடியபோது, கிண்ணியாவில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த ஒருவரும் நானும் சேர்ந்து, இந்த மாவட்டத்து மரண அறிவித்தல்களுக்கென்று ஒரு தளம் தொடங்கினோம். அவர் கட்டினார், நான் எழுதினேன். மேல்மாடியில் ஓர் அறை. இரண்டு கதிரை, ஓர் அலுமாரி, அந்த யன்னல்.

பத்திரிகைக் காலத்தில் அறிவித்தல் கொடுக்க வருபவர்களிடம் நான் முதலில் பெயரைக் கேட்டதில்லை. ‘எந்த ஊர்?’ என்றுதான் கேட்பேன். இங்கே யாருடைய கதையும் அப்படித்தான் தொடங்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர், ஆஸ்பத்திரி வரிசையில் முன்னுக்கு நிற்பவர், கல்யாண வீட்டில் சோறு போடுபவர், எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பதில் வரும்வரை கதை வாசலில் நிற்கும். மரண அறிவித்தல் வாசிக்கிறவர்களும் அப்படியே. பிறப்பிடம், வசிப்பிடம் என்ற வரிக்குத்தான் கண் முதலில் போகும். பெயர் பிறகு.

ஆகவே தளத்தின் வாசலில் வேறெதுவும் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வெள்ளைத் திரை. நடுவில் ‘உங்கள் ஊர் எது?’ கீழே ஊர்ப் பெயர்கள், ஒவ்வொன்றும் ஒரு பொத்தான். ஒன்றை அழுத்தினால் அந்த ஊரின் அறிவித்தல்கள் மெல்ல மேலெழுந்து வரும், நீருக்கு அடியிலிருந்து வருவதுபோல.

“நேரா உள்ள விட்டா என்ன அக்கா?” என்று கிண்ணியாக்காரர் அப்போதே கேட்டார். “இதென்ன சென்றிப் பொயின்ற்றா, ஊர் கேட்டு உள்ள விட?”

“மரியாதை” என்றேன்.

“சென்றியிலயும் மரியாதையாத்தான் கேட்டானுகள்” என்றார், யுத்தகாலச் சோதனைச்சாவடிகளை நினைத்து. ஆனாலும் நான் சொன்னபடியே கட்டித் தந்தார்.

அந்த அம்மா வந்தது கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்த ஒரு முற்பகலில். மேற்கிலிருந்து வருகிற அந்தச் சூட்டுக் காற்றில் படியேறி வந்ததால் முகம் சிவந்திருந்தது. பாலையூற்றுக்காரர்; அறுபதைத் தாண்டியவர்; தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவருடைய தாய் காலமாகி அன்றைக்குப் பதினோராம் நாள். அறிவித்தலை மூன்றாம் நாளே என்னிடம் தந்திருந்தார், நானும் அன்றே போட்டிருந்தேன்.

அவரை எனக்கு ஒரு படத்தோடு சேர்த்து நினைவிருந்தது. அறிவித்தலுக்குத் தந்த படத்தில் தாய் வீட்டு முற்றத்தில் நின்று, ஒரு கையால் வெயிலை மறைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். படத்தின் கீழ்ப்பக்கம், மணலில், படமெடுத்தவரின் நிழல் தலையும் தோளுமாக விழுந்திருந்தது. பத்திரிகைப் பழக்கத்தில் நான் அந்த நிழலை வெட்டிவிட்டுப் போட்டேன். அன்று பின்னேரமே அவர் தொலைபேசி எடுத்தார்.

“தங்கச்சி, கீழ வெட்டிப் போட்டியள்.”

“நிழல்தானே அம்மா, பார்வைக்கு வடிவில்லை.”

“அது கிடக்கட்டும். திருப்பிப் போடுங்கோ.”

படம் எடுத்தது யார் என்று கேட்டேன். அதுவும் பழக்கம்தான், படத்தின் கீழ் பெயர் போடுவோம். “வீட்டில எடுத்தது” என்று சொல்லி வைத்துவிட்டார். நான் நிழலைத் திருப்பிப் போட்டேன்.

இப்போது கதிரையில் இருந்து, கைப்பையிலிருந்து ஒரு கைபேசியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“நீங்கள் போட்டது எண்டு சொன்னியள். அம்மாவின்ர பேரை அடிச்சுத் தேடினா வருகுதில்ல.”

நான் என் கணினியில் எங்கள் தளத்தைத் திறந்தேன். நான் லிங்கநகர், அது வழக்கம்போல லிங்கநகர் அறிவித்தல்களோடு திறந்தது. மேலேயிருந்த பட்டியலில் பாலையூற்றுக்கு மாற்றினேன். தாய் முற்றத்தில் சிரித்தபடி மேலெழுந்து வந்தார்.

“இருக்குதுதானே?”

“நீங்கள் போய்ப் பாத்தா இருக்கு. அவள் தேடிப் பாத்தா இல்ல.”

அவள் என்பது தங்கை. பதினெட்டு வருடங்களுக்கு முன் தாய்க்குப் பிடிக்காத ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவர். ஒரே ஒரு தடவை திரும்பி வந்தார். தாய் படலையைப் பூட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு தங்கையைப் பற்றி ஒன்றும் இல்லை. குளிர் நாடு ஒன்றில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். தொலைபேசி இலக்கம் யாரிடமும் இல்லை.

“ஊருக்கெல்லாம் லைன் குடுத்தனான்” என்றார் அந்த அம்மா. “என்ர வீட்டுக்கு ஒரு லைன் எடுக்க ஏலாமக் கிடக்கு.”

தங்கை தாயின் பெயரைத் தேடிப் பார்க்கிறவர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் சான்று இருந்தது. நாலைந்து வருடத்துக்கு முன், பாலையூற்றுக் கோயில் திருவிழாப் படங்களை யாரோ இணையத்தில் போட்டிருந்தார்கள். ஒன்றில் தாய் பெண்கள் வரிசையில் நின்றார். கீழே பெயர்கள் இருந்தன. அந்தப் படத்தின் அடியில், பெயர் போடாத ஒரு குறிப்பு: ‘அம்மா மெலிஞ்சு போனா.’

“எங்கட அம்மாவை அம்மா எண்டு கூப்பிட ரெண்டு பேர்தான்” என்றார். “அதை நான் எழுதேல்ல.”

செய்தி ஆசிரியர் யாரும் அந்தச் சான்றை மறுக்க மாட்டார்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை கோயில் பாதரிடம் சொல்லிக் குறித்தாகிவிட்டது. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். “வாறாளோ வரேல்லையோ, அது அவளின்ர விருப்பம். அம்மாவுக்கு முப்பத்தொண்டும் முடிச்ச பிறகும் அவள் தெரியாம இருக்கக் கூடாது.” படியிறங்கும்போது திரும்பி, “இருவது நாள் இருக்கு” என்றார்.

அவர் போனபின் தாயின் பெயரை நானே தேடுபொறியில் அடித்தேன். ஒரு பாடசாலைப் பெறுபேற்றுப் பட்டியல் வந்தது. கோயில் திருவிழா வந்தது. அதே பெயருள்ள வேறு ஊர்ப் பெண்கள் வந்தார்கள். நாங்கள் இல்லை. பிறகு எங்கள் தளத்தின் பெயரையே தேடினேன். ஒரேயொரு முடிவு. தளத்தின் பெயர் நீல எழுத்தில். அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி: ‘உங்கள் ஊர் எது? பாலையூற்று, லிங்கநகர், சாம்பல்தீவு, கிண்ணியா, மூதூர்…’

இரண்டு வருட அறிவித்தல்களில் வேறொன்றும் இல்லை. பத்திரிகையின் தலைப்பும் திகதியும் மட்டும் அச்சாகி, உள்ளே எல்லாம் வெறுந்தாளாக வந்ததுபோல இருந்தது.

மறுநாள் கிண்ணியாக்காரர் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்தார். காற்றில் வந்த மணல் புருவத்தில் ஒட்டியிருந்தது. என் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பக்கத்தின் மூலவடிவத்தைத் திறந்து காட்டினார்.

“இந்தாங்க. நாம அனுப்புற பக்கம் இதுதான்.”

அதில் தளத்தின் பெயர் இருந்தது. ஒரு வெறும் பெட்டி இருந்தது. அதற்குக் கீழே ஸ்கிரிப்ட் கோப்புகளின் பெயர்கள். இறந்தவர்கள் யாருமே இல்லை.

“அறிவித்தல்கள் எங்கே?”

“ஸ்கிரிப்ட்தான் கொண்டு வரும். ஆக்கள்ற போனுக்குப் போய் அங்க வெச்சு ஓடி, பொறகு இஞ்ச கேட்டு எடுத்து, அங்க கட்டும்.” தலையைச் சொறிந்தார். “விருந்தாளிக்கு மீன் குடுக்காம, வலையக் கையில குடுத்து, போய்ப் புடிச்சித் தின்னுங்க எண்டு சொன்ன மாதிரி.”

“இதை நீங்கள்தானே கட்டினது?”

“நான்தான் கட்டின. மேல எழும்பி வரணும், நீருக்குள்ளருந்து வாற மாதிரி வரணும் எண்டு கேட்டது ஆரு?”

அது நான்தான்.

இருந்தாலும் பெரிய தேடுபொறியின் பொட் ஸ்கிரிப்டையும் ஓட்டிப் பார்க்கும் என்று அவர் சொன்னார். உடனே அல்ல. முதல் தடவை எழுத்தை மட்டும் வாசிக்கும். ஸ்கிரிப்ட் இருந்தால் அந்தப் பக்கத்தை வரிசையில் போட்டுவிட்டு, நேரம் கிடைக்கும்போது திரும்ப வந்து ஓட்டிப் பார்க்கும். எங்கள் ஸ்கிரிப்டுகள் பாரம் கூடியவை. அதனால் பாதியில் விட்டுவிட்டுப் போகிறது போல, என்பது அவருடைய முடிவு. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வெளித்துறையில் நங்கூரம் போட்டு முறை பார்த்து நிற்கும் கப்பல்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வரிசை என்றால் புரியும்.

அந்த முடிவை நம்பி நாங்கள் ஐந்து நாட்களை விட்டோம். பக்கங்களில் எரியும் மெழுகுதிரிப் படத்தை எடுத்தோம். உதிரும் பூக்களை எடுத்தோம். படங்கள் மெல்ல மேலெழுவதை நிறுத்தினோம். அதை எடுக்கும்போது எனக்குக் கொஞ்சம் மனமில்லாமல் இருந்தது. தளம் இலேசானது. நான் காலைகளில் பதிவைப் பார்த்தேன். ஆறு மணிக்குக் கிட்ட அவர் வந்தார். ஒரு பக்கம் கேட்டார். போனார். கீழே வீதியில், இந்த நகரத்து வீதிகளில் திரிகிற மான்களில் இரண்டு பஸ் நிலையத்துப் பக்கமிருந்து வந்து ஒரு கடையின் மூடிய கதவுக்கு முன்னால் நின்று, அதைப் பார்த்துவிட்டு, அடுத்த கதவுக்கு நடந்தன.

தேடலில் ஒரு மாற்றமும் இல்லை.

பதினெட்டாம் நாள் மத்தியானம் கிண்ணியாக்காரர் ஒரு படம் அனுப்பினார். தேடுபொறிக்காரர்கள் தளம் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு கருவி கொடுக்கிறார்கள். அதில் கேட்டால், பொட்டின் கண்ணுக்கு நம் பக்கம் எப்படித் தெரிந்தது என்று படமாகக் காட்டும். அந்த அம்மா தந்த அறிவித்தலுக்கு நேரே போகும் முகவரியைக் கொடுத்து அவர் அதைக் கேட்டிருந்தார். வந்த படத்தில் வெள்ளைத் திரை. நடுவில் ‘உங்கள் ஊர் எது?’ கீழே பொத்தான்கள்.

உடனேயே தொலைபேசி எடுத்தார். பின்னால் அவருடைய கடையில் யாரோ எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

“பாத்தீங்களா அக்கா? அது ஸ்கிரிப்ட ஓட்டிருக்கு. நல்லா ஓட்டிருக்கு. வந்து வாசல்ல நிக்கிது. நாம ஊரக் கேட்டிருக்கம். அதுக்கு ஊர் இல்ல.”

“பொத்தானை அழுத்தாதா?”

“அது ஒண்டையும் அழுத்தாது. வாசிக்கும், லிங்க் இருந்தா அதுல போகும், அவ்வளவுதான். நாம வெச்சது லிங்க் இல்ல, பொத்தான்.”

“அப்ப இவ்வளவு நாளும் எங்கள் இருவருக்கும் ஏன் தெரியவில்லை?”

கடையில் தட்டுவதை நிறுத்தச் சொன்னார். பிறகு சிரித்தார். “கடைசியா ஒங்களுட்ட அந்தக் கேள்விய எப்ப கேட்டிச்சி?”

யோசித்துப் பார்த்தேன். தளம் தொடங்கிய முதல் நாள். அன்றைக்கு நான் லிங்கநகர் என்று சொன்னேன், அவர் கிண்ணியா என்று சொன்னார். எங்கள் கணினிகள் அதை நினைவில் வைத்துக்கொண்டன. அதற்குப் பிறகு ஒரு தடவையும் எங்களைக் கேட்கவில்லை. வாசலில் நாங்கள் வைத்த கேள்வியை வீட்டுக்காரர்களான நாங்கள் இரண்டு வருடமாகக் கண்டதில்லை. பொட்டுக்கு அந்த நினைவு கிடையாது. அது ஒவ்வொரு முறையும் முதல் தடவையாகத்தான் வரும். ஒவ்வொரு நாளும் வருகிற பழக்கமான ஆள் என்று நான் நினைத்திருந்தவர், ஒவ்வொரு நாளும் புதிதாக வந்த அந்நியர். காலை ஆறு மணிக்கு வந்து, எந்த ஊர் என்று கேட்கப்பட்டு, பதில் இல்லாமல் நின்று, போயிருக்கிறார். அந்தக் கேள்வியைத்தான் குறித்துக்கொண்டும் போயிருக்கிறார். அந்தச் சாம்பல் நிற வரி அதுதான்.

இன்னொரு பிழையும் இருந்தது. அறிவித்தல்களின் முகவரிகள் எல்லாம் ஒரே முகவரிதான். கடைசியில் ஒரு குறியும் அதன் பின்னால் ஓர் எண்ணும் மட்டும் மாறும். அந்தக் குறிக்குப் பின்னால் உள்ளதைப் பொட் கணக்கில் எடுக்காது. “மாவட்டம் முழுக்கச் செத்த எல்லாருக்கும் ஒரே வீட்டு இலக்கம் குடுத்திருக்கம்” என்றார் கிண்ணியாக்காரர். இந்தத் தடவை என்னைக் குற்றம் சொல்லவில்லை. அது அவருடைய பிழை.

செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. வாசலிலுள்ள கேள்வியை எடுக்க வேண்டும். ஆனால் நான் பிடிவாதமாக இருந்தேன். பொட்டுக்கு மட்டும் வேறு வழி திறந்துவிட்டு, மனிதர்களுக்குக் கேள்வியை வைத்திருக்க ஏலாதா என்று கேட்டேன். அதற்கு ஒன்று, ஆக்களுக்கு ஒன்று என்று காட்டினால் தேடுபொறிக்காரர்கள் ஏமாற்று வேலை என்று தள்ளிவிடுவார்கள் என்றார். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்காமல் ஒருவரோடு எப்படிக் கதை தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை அந்த அம்மா வந்தார். கடைத்தெருவுக்கு வந்த வழியில் ஏறியவர், இருக்கவில்லை. பையோடு கதவடியில் நின்றார். என்ன பிழை என்று அவருக்கு விளக்கினேன். தொலைபேசி நிலையத்தில் வேலை செய்தவர், வேகமாக விளங்கிக்கொண்டார்.

“ஆர் எண்டு சொன்னாத்தான் லைன் குடுப்பம் எண்டு இருந்திருக்கிறியள்.”

“ஓம்.”

“சரி. அது மிசின். அவள் வந்தாலும் உந்தக் கேள்வியைத்தானே கேக்கும்?”

“ஓம். முதல் தடவை வருகிற எல்லாரையும் கேட்கும்.”

அவர் பையை மற்றக் கைக்கு மாற்றினார். காற்று கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது.

“படலையைப் பூட்டி அனுப்பின பிள்ளையிட்ட” என்றார், “எந்த ஊர் எண்டு கேக்கப் போறியளோ தங்கச்சி?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, மீன் பழுதாகிவிடும் என்று படியிறங்கினார். கிண்ணியாக்காரருக்கு ‘எடுத்துவிடுங்கள்’ என்று செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: ‘சென்றிய எடுத்தாச்சு.’

எடுத்தது ஒரு நிமிட வேலை. திருப்பிக் கட்டியதற்கு நாலு நாள் பிடித்தது. கடையை அரைநாளில் பூட்டிவிட்டு வந்து அவர் என் பக்கத்திலிருந்து வேலை செய்தார். இனிமேல் ஒவ்வொரு அறிவித்தலையும் எங்கள் சேர்வரே முழுதாகக் கட்டி, எழுத்தும் படமுமாக அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி. ஊர்ப் பெயர்கள் பக்கத்தின் ஓரத்துக்குப் போயின, பொத்தான்களாக இல்லாமல் சாதாரண லிங்குகளாக. கேட்டால் போகலாம், கேட்காவிட்டால் அப்படியே இருக்கலாம். எல்லா முகவரிகளையும் ஒரு பட்டியலாக்கித் தேடுபொறிக்குக் கொடுத்தோம். நான் ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு எழுதினேன்: பெயர், பிறப்பிடம், வசிப்பிடம். இரண்டு வருடத்து மனிதர்களை ஒவ்வொருவராக மறுபடி வாசித்தேன். மூதூரில் விதானையாக இருந்தவர். சாம்பல்தீவில் கரைவலைச் சம்மாட்டி. நகரில் தைத்துப் பிழைத்த ஒரு பெண். பின்னேர வெயில் துறைமுக நீரில் பட்டு அறையின் கூரையில் அலையலையாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு முகவரி கிடைத்துக்கொண்டிருந்தது.

கடைசியாகக் கிண்ணியாக்காரர் என் கணினியில் ஸ்கிரிப்டையே நிறுத்திவிட்டு அந்த அம்மாவின் அறிவித்தலைத் திறந்தார். முன்னர் இப்படிச் செய்தபோது வெள்ளைத் திரை மட்டும் வந்தது. இப்போது தாய் முற்றத்தில் நின்றார், நெற்றியில் கை, மணலில் நிழல்.

“ஆருட நிழல் இது?” என்று கேட்டார்.

“வீட்டில யாரோ” என்றேன்.

அன்று இருபத்துமூன்றாம் நாள். அடுத்த இரண்டு காலையும் பொட் வந்து, பழைய வழக்கப்படி முதற்பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போனது. இருபத்தாறாம் நாள் காலை தேநீரை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பதிவைத் திறந்தேன். ஆறு மணிக்குப் பக்கத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி. அதற்குக் கீழே இன்னொன்று. முதற்பக்கத்தைக் கேட்டவர் பாலையூற்றுக்குப் போயிருந்தார். அங்கேயிருந்து ஒவ்வொரு வீடாகப் போயிருந்தார். பிறகு லிங்கநகர், பிறகு சாம்பல்தீவு. கொட்டியாரக் குடாவைச் சுற்றிக்கொண்டு மூதூர்வரை போய்த் திரும்பியதுபோல வரிகள் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன. கடல் அன்றைக்கும் அசையாமல்தான் இருந்தது. தேநீர் ஆறும்வரை வாசித்தேன்.

இருபத்தேழாம் நாள் அந்த அம்மாவே அழைத்தார். “வருகுது” என்றார். “அம்மாவின்ர பேரை அடிச்சா ரெண்டாவதா வருகுது. முதலாவது திருவிழா.” “இனி அவளின்ர வேலை” என்றார்.

தேடுபொறியிலிருந்து யார் என்ன சொல்லைத் தேடி வந்தார்கள் என்று எங்கள் பதிவு சொல்லாது. தேடி வந்தார்கள் என்று மட்டும் சொல்லும். இருபத்தெட்டாம் நாள் அந்தப் பக்கத்துக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள், வந்தார்கள், போனார்கள். இருபத்தொன்பதாம் நாள் பின்னேரம் ஒரு வருகை. அது வேறு எந்தப் பக்கத்துக்கும் போகவில்லை. அரை மணித்தியாலத்தில் அதே பக்கத்தை நாலு தடவை கேட்டிருந்தது. பிறகு இரங்கல் குறிப்பு எழுதும் பெட்டியில் ஒன்று வந்து விழுந்தது.

அந்தப் பெட்டியில் மூன்று இடங்கள் உண்டு: பெயர், ஊர், குறிப்பு. எதையும் வெறுமையாக விடலாம். பெயர் வெறுமையாக இருந்தது.

குறிப்பில்: ‘கீழ விழுந்து கிடக்கிற நிழல் நான்.’

ஊர்: பாலையூற்று.

நான் கேட்காமலே எழுதியிருந்தார்.

அந்த அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு அதை வாசித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முச்சக்கர வண்டி பிடித்துப் பாலையூற்றுக்குப் போனேன். குசினியில் இருந்தார். பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க உழுந்து துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு என் கைபேசியை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். பிறகு தூரப் பிடித்து வாசித்தார்.

“அந்தக் கமரா என்ர சம்பளத்தில வாங்கினது” என்றார். “ஒருத்தரையும் தொட விடாள்.”

கதிரையில் இருந்தார். குசினி யன்னலால் முற்றம் தெரிந்தது. படத்திலிருந்த அதே மணல்தான்.

“இந்த முறை மெலிஞ்சு போனா எண்டு சொல்லேல்லத்தானே” என்றார். சிரிப்பா வேறெதுவுமா என்று குரலைக்கொண்டு சொல்ல முடியவில்லை. அழுதார் என்று எழுதினால் பிழை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அவ்வளவுதான் நான் கண்டது.

அந்தக் குறிப்புக்குப் பதில் எழுத முடியுமா என்று கேட்டார். எங்கள் தளத்தில் அந்த வசதி இல்லை. ஆனால் கீழே இன்னொரு குறிப்பு எழுதலாம், அதை அவர் பார்க்கலாம் என்றேன்.

“அப்ப எழுதுங்கோ. இல்ல, தாங்கோ. நான் எழுதிறன்.”

ஒரு விரலால் நெடுநேரம் எழுதினார். பெயரை அவரும் விட்டார். ஊர் என்ற இடத்தில் பாலையூற்று என்று போட்டார். குறிப்பில் இவ்வளவுதான்: ‘பூசை நாளையிண்டைக்குக் காலமை ஆறரைக்கு. வர ஏலாட்டி அந்த நேரம் நினைச்சுக்கொள். படலை பூட்டேல்ல.’

அனுப்புவதற்குமுன் என்னிடம் காட்டினார். திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்குக் கிட்டப் பொட் வந்தது. எதையும் நினைவில் வைத்திராமல், முதல் தடவை வருவதுபோல வந்து, பாலையூற்றுக்குப் போய், அந்தப் பக்கத்தைக் கேட்டது. இரண்டு குறிப்புகளும் அதில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு போனது.